மதுரை வெயிலில் மைக்ரோகிரீன்ஸ்: ஒரு பார்சல் டப்பாவில் தொடங்குவது எப்படி

மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா ஊரில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டினால், முளைப்பாரி போட்ட வீட்டுக்குள் எங்களை எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். மண் ஓட்டில் கரம்பை மண், தூளாக்கிய காய்ந்த எரு, வைக்கோல் எல்லாம் பரப்பி, ஊறவைத்த தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கம்பு, சோளம் என்று கலந்து தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவார்கள். எட்டாம் நாள் வெளியே எடுக்கும்போது முழ உயரத்துக்கு வெளிர்மஞ்சளாக நிற்கும். தலையில் சுமந்து, கும்மி கொட்டி, கண்மாயில் கரைத்துவிட்டு வருவார்கள்.

பல வருடம் கழித்து ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் மைக்ரோகிரீன்ஸ் டப்பாவைப் பார்த்ததும் எனக்கு அந்த இருட்டறைதான் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட அதே வேலைதான். கடைசி சில நாள் வெளிச்சம் காட்டி, கரைப்பதற்குப் பதிலாகக் கத்தரித்துச் சாப்பிடுகிறோம். அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு விதையை முளைக்கவைக்கும் வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரைச் சூட்டில் ஈர விதையைப் போட்டால் அதுவாகவே முளைக்கும். முளைத்தது அழுகாமல் எட்டு நாள் காப்பாற்றுவதுதான் இங்கே பாடு. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். விதை முளைத்து வித்திலைகள் இரண்டும் விரிந்த பருவத்தில், சில வகைகளில் அடுத்த இலை தலைகாட்டும்போது, தண்டோடு கத்தரித்துப் பச்சையாகச் சாப்பிடுவது மைக்ரோகிரீன்ஸ். முளைகட்டிய பயறை நாம் வேரோடும் விதையோடும் தின்கிறோம். அதற்கு வெளிச்சமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், இரண்டு நாளில் முடிந்தது. இதற்குப் பெரும்பாலும் 7 முதல் 14 நாள் ஆகும், வேர் பிடிக்க ஒரு படுகை வேண்டும், வேரை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுக்கிறோம். தமிழில் என்ன பெயர் சொல்வது என்பதில் எனக்குக் குழப்பம்தான். ‘முளைக்கீரை’ என்று கேட்டால் கீரைக்காரம்மா வேறொரு கட்டை எடுத்து நீட்டுவார். ஆகவே மைக்ரோகிரீன்ஸ் என்றே இருக்கட்டும்.

இதை விற்பவர்கள் ‘40 மடங்கு சத்து’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதனால் சத்தைப் பற்றியும் கொஞ்சம். அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தினரும் அந்நாட்டு வேளாண் துறையினரும் 25 வகை மைக்ரோகிரீன்ஸைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. அவர்கள் அளந்தது சில வைட்டமின்களையும் கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிச் சத்துகளையும். முற்றிய இலையைவிட 4 மடங்கிலிருந்து 40 மடங்கு வரை வகைக்கு வகை, சத்துக்குச் சத்து மாறியது. விளம்பரத்தில் அந்த 4 காணாமல் போய்விடும். நம் கொத்தமல்லிதான் அதில் கரோட்டினாய்டுகளில் முன்னால் நின்றது என்பது எனக்குப் பிடித்த செய்தி. சரி, ஆனால் ஒரு வேளைக்கு நாம் போட்டுக்கொள்வது ஒரு கைப்பிடி. அரைக்கீரை ஒரு கட்டைக் கடைந்து சோற்றில் பிசைந்து தின்பதற்கு அது ஈடாகாது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியதே நம்ம மதுரை அண்ணா நகரில்தான். கீரைக்கு இங்கே பஞ்சமில்லை. மைக்ரோகிரீன்ஸைக் கீரைக்கு மாற்றாக நினைக்காமல், மல்லித்தழை மாதிரி மேலே தூவும் வாசனைப் பொருளாக நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

விதை அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது

முதல் டப்பாவுக்கு வெந்தயம். வேறு யோசனையே வேண்டாம். விலை குறைவு, சட்டென்று முளைக்கும், கொஞ்சம் சூட்டையும் தாங்கும், எட்டு நாளில் பலன் தெரிந்துவிடும். கீழமாசி வீதிப் பக்கம் மளிகை வாங்கப் போகும்போது கால் கிலோ வாங்கி வந்தால் மாதக்கணக்கில் ஓடும். வாங்கியதும் 20 மணியை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மூன்று நாளில் 16, 17 முளைத்தால் நல்ல சரக்கு. பாதிகூட முளைக்காவிட்டால் அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். முளைக்காத விதைதான் தட்டில் முதலில் பூசணம் பிடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

இரண்டாவது கடுகு. இதை ஊறவைக்கக் கூடாது, அப்படியே தூவலாம். ஆறு முதல் எட்டு நாளில் வெட்டிவிடலாம். மூக்கில் ஏறும் காரம். பாசிப்பயறு என்றால் தோலோடு இருக்கும் முழுப்பயறு, உடைத்த பருப்பு முளைக்காது. ஐந்தாறு நாளிலேயே தயாராகிவிடும், குழந்தைகளுக்கு இதன் சுவை பிடிக்கும். தண்டுக்கீரை விதை மணல் மாதிரி இருக்கும், தூவுவதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் சூடு அதற்குப் பிடிக்கும். சிவப்புத் தண்டுக்கீரை போட்டால் தட்டே குங்குமம் கொட்டியதுபோல் இருக்கும். காய்ந்த பட்டாணி இனிப்பான தளிர் தரும், ஆனால் குளிர் கேட்கும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் போடுங்கள்.

கொத்தமல்லி புதியவர்களைச் சோதிக்கும் விதை. நாம் விதை என்று நினைப்பது உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதை. சொளகில் பரப்பி, பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்துப் போட வேண்டும். ரொம்ப அழுத்தினால் மல்லித்தூள் ஆகிவிடும். அப்படிச் செய்தும் முளைக்க ஒரு வாரம் எடுக்கும், வெட்ட மூன்று வாரம்கூட ஆகலாம். நாலைந்து டப்பா வெற்றிகரமாக வளர்த்த பிறகு இதற்கு வாருங்கள்.

முள்ளங்கி, சூரியகாந்தி விதைகளை விதைக்கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். அங்கே கவனம் தேவை. வயலில் விதைப்பதற்கென்று விற்கும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். ரோஸ், நீலம், பச்சை என்று சாயம் ஏறியிருக்கும். நிலத்தில் போட்டு மாதக்கணக்கில் வளர்ப்பதற்கு அது சரி, எட்டு நாளில் வாய்க்குப் போகும் பயிருக்கு ஆகாது. சாயம் இல்லாவிட்டாலும் ‘மருந்து தடவாதது’ என்று கேட்டு, பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் படித்து வாங்குங்கள்.

முளைப்பாரியில் போடும் எல்லாத் தானியமும் தின்ன உகந்ததும் கிடையாது. இளஞ்சோளப் பயிரில் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்று சம்சாரிகள் சொல்வது சும்மா இல்லை; சோள நாற்றில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, மாடே செத்துவிடும். மொச்சையையும் ராஜ்மாவையும் வேகவைக்காமல் தின்னக் கூடாது, அவற்றின் நாற்றும் வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளும் அப்படித்தான். காயைத்தான் தின்னலாம், நாற்றைத் தின்னக் கூடாது.

டப்பா, படுகை, தண்ணீர்

இதற்கென்று தட்டு வாங்க வேண்டாம். பிரியாணியோ சாப்பாடோ பார்சல் வரும் தட்டையான பிளாஸ்டிக் டப்பா போதும், இரண்டு விரல் ஆழம் இருந்தால் சரி. எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, கோணி ஊசியைச் சூடாக்கி அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள். ஒரே அளவில் இரண்டு டப்பா எடுத்து, ஓட்டை போட்டதை ஓட்டை இல்லாததற்குள் வைத்துக்கொண்டால் அடியிலிருந்து தண்ணீர் ஊற்ற வசதி. மண் சட்டியிலும் போடலாம், ஆனால் நம் ஊர் வெயிலுக்குச் சட்டியின் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

படுகைக்குத் தென்னை நார்த்தூள், அதாவது கோகோபீட். செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாக நர்சரிகளில் கிடைக்கிறது. கால் பங்கு உடைத்து வாளித் தண்ணீரில் போட்டால் பொங்கி எழும்பும். அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, துணியில் போட்டுப் பிழிந்துவிடுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழ வேண்டும், அதுதான் பதம். எட்டு நாள் பயிருக்குத் தேவையான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது, உரம் தேவையில்லை. பத்து நாளுக்கு மேல் நிற்கும் பட்டாணிக்கும் மல்லிக்கும் மட்டும் நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு கை கலக்கலாம்.

முளைப்பாரிக்குப் போடுவதுபோல எரு போட வேண்டாம். பச்சையாகத் தின்னும் பொருளுக்குப் பக்கத்தில் சாணத்தைச் சேர்க்கவே கூடாது. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புடைய ஈ.கோலி கிருமித் தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வேரையும் விதையையும் விட்டு மேலே வெட்டுவதால் மைக்ரோகிரீன்ஸில் ஆபத்து அதைவிடக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சையாகத் தின்னாமல் பருப்பில் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் இதைச் சேர்ப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பச்சை இலைகளில் வைட்டமின் கே அதிகம்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் முதலில் சறுக்கினேன். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது, வாளியில் வெள்ளையாகப் படியும். செடிதானே, குடித்துக்கொள்ளும் என்று அதையே தெளித்தேன். மூன்றாம் நாள் கோகோபீட் மேலே உப்பு பூத்து, முளை நுனியெல்லாம் கருகிவிட்டது. விதையைக் குறை சொல்லி இன்னொரு தடவை போட்டேன், அப்படியே மறுபடியும் கருகியது. மூன்றாவது தடவை குடிதண்ணீரை ஊற்றியதும் பச்சென்று வந்தது. ஒரு டப்பாவுக்கு ஒரு நாளைக்கு அரை டம்ளர் தண்ணீர்கூட ஆகாது, இதில் கஞ்சத்தனம் வேண்டாம். குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீர் என்றால் முதல் நாளே குடத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் வாடை இறங்கிவிடும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

வெந்தய டப்பா, நாள் நாளாக

ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு டீஸ்பூன் வெந்தயத்தை மூன்று நான்கு முறை கழுவி ஊறவையுங்கள். கால் கிலோ பழம் பிடிக்கும் அளவு டப்பாவுக்கு இது போதும். காலையில் தண்ணீரை வடித்து, மறுபடி அலசுங்கள்.

டப்பாவில் ஒரு அங்குலம் கோகோபீட் பரப்பி, உள்ளங்கையால் சமமாகத் தட்டிவிடுங்கள். மேடும் பள்ளமும் இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அழுகும். விதையைத் தூவும்போது ஒன்றுக்கொன்று தொட்டுக்கொண்டு இருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. எல்லாரும் செய்யும் தப்பு கூடுதலாக அள்ளிப் போடுவதுதான், நெருக்கமாக இருந்தால் காடு மாதிரி வரும் என்ற ஆசையில். நெருக்கத்தில் காற்றுப் போகாது, அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். மேலே மண் போட்டு மூட வேண்டாம். தண்ணீர் தெளிப்பானால் லேசாக நனைத்து, இன்னொரு டப்பாவை விதைமேல் படியும்படி உள்ளே வைத்து மூடி, அதன்மேல் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரைப் பாரமாக வையுங்கள். பாரம் இருந்தால் வேர் கீழ்நோக்கிப் பிடித்து இறங்கும், தோலும் எளிதில் கழன்றுவிடும்.

அடுத்த இரண்டு மூன்று நாள் அது இருட்டில் இருக்கட்டும், காலையும் மாலையும் திறந்து பார்த்து ஒரு தெளிப்பு. முளைப்பாரி வீட்டு அறைதான் இது. திறக்கும்போது மேல் டப்பாவை முளைகள் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்தக் காட்சிக்காகவே குழந்தைகள் காலையில் எழுந்து ஓடி வருவார்கள்.

முளை இரண்டு விரல்கடை உயரம் வந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள். மஞ்சளாக, நோஞ்சானாக இருக்கும். பயப்பட வேண்டாம், வெளிச்சம் பட்ட அன்று சாயங்காலமே பச்சை ஏறும். ஜன்னல் ஓரம், நேர் வெயில் விழாத இடம், அதுவும் கிழக்குப் பக்கம் என்றால் ரொம்ப நல்லது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தளத்தின் சூட்டில் ஒரே மத்தியானத்தில் துவண்டுவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தால் தினமும் டப்பாவைத் திருப்பி வையுங்கள்.

இந்தக் கட்டத்திலிருந்து மேலே தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும். அடியில் இருக்கும் டப்பாவில் ஒரு ரூபாய் நாணயம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். படுகை தேவையானதை உறிஞ்சிக்கொள்ளும், தண்டும் இலையும் காய்ந்தே இருக்கும். டப்பாவைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம், லேசாக இருந்தால் ஊற்றுங்கள். இரண்டு நாளில் கைக்குக் கணக்குப் பழகிவிடும். ஏழிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் இலை இரண்டும் விரிந்து மூன்று அங்குலம் நிற்கும். அதற்கு மேல் விட்டால் கசப்பு ஏறும்.

பூசணமா, வேரா?

இரண்டாம் மூன்றாம் நாளில் முளையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல் தெரியும். பதறிப்போய் டப்பாவைக் குப்பையில் கொட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அது வேர்த்தூவி. தண்ணீர் தெளித்துப் பாருங்கள், வேரோடு ஒட்டி மறைந்துவிடும். காய்ந்ததும் மறுபடி தெரியும். பூசணம் அப்படி மறையாது. சிலந்தி வலைபோல ஒரு விதையிலிருந்து இன்னொன்றுக்குப் படர்ந்து, படுகை மேலேயும் ஏறும். மூக்கருகே கொண்டுபோனால் நனைந்த சாக்கு வாடை அடிக்கும்.

காசு அளவுக்குத்தான் பிடித்திருக்கிறது என்றால் அந்த இடத்தைச் சுற்றி நன்றாகத் தள்ளித் தோண்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் காற்றோட்டத்தில் வையுங்கள். மறுநாளும் படர்ந்தால் மொத்தமும் போகட்டும். அடித்தண்டு நூல்போல் மெலிந்து, கொத்துக் கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல், அதற்கு மருந்து தேடாதீர்கள். தின்னும் பொருளில் எதையும் அடிக்க முடியாது. டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, அடுத்த முறை விதையையும் தண்ணீரையும் குறையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதைச் செய்தாலும் ஈரம் காயாது. அந்த நாட்களில் மின்விசிறி ஓடும் அறையில், விசிறிக்கு நேர் கீழே வைக்காமல் ஓரமாக வைத்தால் தப்பிக்கும்.

மதுரையில் நல்ல பருவம் கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரை. அப்போது எதைப் போட்டாலும் வரும். பங்குனியிலிருந்து வெப்பம் ஏறும். சித்திரைத் திருவிழா நெருங்கும்போது வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும், அதற்குப் பின்னாலேயே கத்திரி. மைக்ரோகிரீன்ஸுக்குப் பிடித்தது 20 முதல் 26 டிகிரி வரை. ஆகவே கோடையில் முள்ளங்கி, மல்லி, பட்டாணி மூன்றையும் மறந்துவிட்டு, தண்டுக்கீரை, பாசிப்பயறு, ஓரளவுக்கு வெந்தயம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை தண்ணீர்ப் பானை வைக்கும் இடம்தான், அதன் பக்கத்தில் டப்பாவை வைத்துப் பாருங்கள். கத்திரியின் உச்சத்தில் நான் மூன்று வாரம் விதையே போடுவதில்லை. சிலர் ஏ.சி. அறையில் வைத்து வளர்க்கிறார்கள். வெந்தயத்துக்காக ஏ.சி. ஓட்டும் வசதி நம்மிடம் இல்லை.

வெட்டுவதும் தின்பதும்

காலையில், தண்ணீர் ஊற்றுவதற்கு முன், சுத்தமான கத்தரிக்கோலால் படுகைக்கு அரை அங்குலம் மேலே வெட்டுங்கள். அப்போதைக்குத் தேவையானதை மட்டும் வெட்டி, உடனே கழுவிச் சாப்பிடுவதுதான் சிறப்பு. மிஞ்சினால் கழுவாமல், காய்ந்த பருத்தித் துணி விரித்த டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் தாங்கும்.

அடுப்பில் ஏற்றினால் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும், வாசனையும் போய்விடும். இறக்கிய பிறகு தூவ வேண்டும். கடுகுத் தளிருக்குத் தயிர்சாதத்தை மிஞ்சிய ஜோடி கிடையாது. ஊறுகாய் இல்லாமலே சாதம் இறங்கும். முள்ளங்கித் தளிரை வெங்காயத்தோடு கறிதோசைக்கு வெஞ்சனமாக வைத்தேன், எண்ணெயின் திகட்டலை அது வெட்டிவிடுகிறது. பாசிப்பயறுத் தளிரில் தேங்காய்ப்பூ, எலுமிச்சைச் சாறு, உப்பு போட்டு, கடுகு தாளித்துக் கொட்டினால் கோசுமல்லிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். வெந்தயத் தளிரை ஆம்லெட் மடிக்கும்போது உள்ளே வையுங்கள், கேப்பைக் கூழுக்குக் கடித்துக்கொள்ளவும் நன்றாக இருக்கும். சால்னாவில் மட்டும் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன், மசாலாவுக்குள் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒரு டப்பாவில் கிடைப்பது இரண்டு கைப்பிடிதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல், மூன்று நாளுக்கு ஒரு டப்பா என்று போட்டுக்கொண்டே வாருங்கள். மூன்று டப்பா சுற்றில் இருந்தால் நாலு பேர் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் தூவக் கிடைக்கும். டப்பா மூடியில் விதைத்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள், எது எப்போது போட்டது என்று நான்காம் நாளே மறந்துவிடும்.

வெட்டிய வெந்தயமும் கடுகும் மறுபடி தளிர்க்காது. பட்டாணி மட்டும் அடிக்கணுவை விட்டு வெட்டினால் இன்னொரு முறை கொஞ்சம் துளிர்க்கும். மிஞ்சும் வேர்ப்பாய் தோசை மாதிரி முழுசாகக் கழன்று வரும். அதே படுகையில் மறுவிதைப்பு வேண்டாம், பழைய வேரில் பூசணம் காத்துக்கொண்டிருக்கும். நான் அதைப் பிய்த்து, மாடியில் இருக்கும் மல்லிகைத் தொட்டியில் தண்டை ஒட்டாமல் வேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைக்கிறேன். இரண்டு மூன்று வாரத்தில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும், அதுவரை தொட்டியும் சீக்கிரம் காயாது.